புதுப்பிப்பு: எங்கள் செராமாக் கோழிக்கு நோயில்லை, அடைதான்

செராமா என்பது மிகச் சிறிய கோழி இனம். எங்கள் கோழி கூட்டை விட்டு எழாமல் கிடக்கிறது, நோயா என்று போன மாதம் கேட்டிருந்தேன். திருப்பரங்குன்றத்து அத்தை பார்த்ததுமே அடை, அதாவது குஞ்சு பொரிக்க முட்டைமேல் உட்காரும் பருவம் என்று சொல்லிவிட்டார். "அரைக் கிலோகூட இல்லாத உடம்பு, நான்கு முட்டைக்கு மேல் வைக்காதே" என்றார். நாட்டுக்கோழிபோல 21 நாள் ஆகும் என்றிருந்தேன். 19ஆம் நாள் இரவே ஓட்டுக்குள் கீச்சுச் சத்தம்! மூன்று பொரித்தன, ஒன்று கூமுட்டை.

குஞ்சு ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவுதான். பஞ்சாரக் கூடையின் இடுக்கில் நுழைந்து வெளியே வந்துவிடுகின்றன. உட்புறம் கொசுவலை கட்டினேன். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைக் கட்டாயம் போடுங்கள். இரண்டாம் நாள் ஒரு குஞ்சு அதில் விழுந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துத் துடைத்தபோது அதன் நடுக்கம் என் விரல்வரை வந்தது. இப்போது அதுதான் இடித்த கம்புக்கு முதலில் ஓடி வருகிறது.