அம்மப்பாவின் பதக்கங்களை எந்தப் பக்கம் குத்துவது? உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கோ

கொக்குவிலிலிருந்து:

மாசி மாதம் றங்குப்பெட்டியைத் துப்புரவாக்கும்போது அம்மப்பாவின் நாலு பதக்கங்கள் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்து வந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையோடு எகிப்துக்குப் போய் லொறி ஓட்டியவர் அவர். சின்ன வயதில் நாங்கள் கேட்டால், "மணல் மோனை, எங்க பார்த்தாலும் மணல்" என்பதோடு கதையை முடித்துவிடுவார்.

ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் மகன், நவம்பர் 11, போரில் இறந்தவர்களின் நினைவு நாளுக்குப் போட்டுக்கொண்டு போக வேணும், அனுப்பிவிடுங்கோ மாமா என்றான். றிபன்கள் தொட்டாலே உதிர்கிற நிலை. புதிய றிபன் எடுப்பித்து, எங்கள் தையற்காரரிடம் கொடுத்து, நாலையும் ஒரே பட்டியில் வரிசையாகத் தைப்பித்தேன். எனக்கு நல்ல திருப்தி.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற இராணுவக்காரர் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். 60களில் சேர்ந்து, சண்டை தொடங்க முன்னமே விலகி வந்தவர். முன்னாள் படையினர் சங்கக் கூட்டத்துக்குக் கொழும்புக்குப் போகிறார் என்றால் இன்றைக்கும் கடுநீல பிளேசர், சாம்பல் நிற லோங்ஸ், பொக்கற்றில் சங்கச் சின்னம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"ஆர் தம்பி தைச்சது? கண்ணாடிக்கு முன்னால நிண்டு தைச்சவரோ?"

எல்லாமே இடம்வலமாக மாறியிருந்ததாம். முதலில் வரவேண்டிய 1939–45 நட்சத்திரம் நெஞ்சின் நடுப்பக்கம் இருக்க வேண்டும். அதன் பிறகு ஆபிரிக்கா நட்சத்திரம், பாதுகாப்புப் பதக்கம், கடைசியாகத் தோள் பக்கம் போர்ப் பதக்கம். எங்களுடையது தோளிலிருந்து தொடங்கியது. றிபனும் அப்படித்தான். 1939–45 நட்சத்திரத்தின் றிபனில் மூன்று நிறம்: கடுநீலம் கடற்படைக்கு, சிவப்பு தரைப்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. கடுநீலக் கரை இடத்தோளுக்கு எட்ட, நெஞ்சின் நடுவுக்குக் கிட்ட வரவேண்டும். பாதுகாப்புப் பதக்கத்தின் றிபனும் போர்ப் பதக்கத்தின் றிபனும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் அவை மட்டும் தப்பின. பாதுகாப்புப் பதக்கத்தின் றிபனில் நடுவில் நெருப்பு நிறம், கரையில் பச்சை, அந்தப் பச்சைக்குள் தலைமயிர் அளவில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கறுப்பு இருட்டடிப்பு இரவுகளைக் குறிக்கிறதாம்.

அப்புறம் கேட்டார், "ஆர் போடப் போறது?" மருமகன் என்றேன்.

"அப்ப இடப்பக்கம் வேண்டாம். வாங்கினவனுக்குத்தான் இடப்பக்கம். பேரன் பூட்டன் எண்டால் வலப்பக்கம்."

அவரிடமும் ஒரு பதக்கம் இருக்கிறது. 1972இல் நாடு குடியரசான நாளில் சேவையில் இருந்த படையினருக்குக் கொடுத்தது. அதை இடப்பக்கம் குத்துவார். பிளேசர் பொக்கற்றில் இருக்கும் சின்னமும் பதக்கம் மாதிரித்தானே என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "அது சந்தா கட்டினால் கிடைக்கும் தம்பி" என்றார்.

ஸ்காபரோவிலிருந்து:

அண்ணை, பொறுங்கோ. மருமகனுக்கு வலப்பக்கம் என்று சொல்லிவிடாதேயுங்கோ. உங்கள் ஐயா சொன்னது பிரிட்டிஷ் வழக்கம். கனடாவில் குற்றவியல் சட்டம் 419ஆம் பிரிவு இருக்கிறது. தனக்குக் கிடைக்காத படைப் பதக்கத்தை ஒருவர் அணியக் கூடாது. அப்பாவுடையது, தாத்தாவுடையது என்றாலும், எந்தப் பக்கம் என்றாலும் அதுதான் கதை. அதோடு இங்கே கனேடிய லீஜன் என்ற முன்னாள் படையினர் சங்கம் தன் அங்கத்தவர்களுக்குத் தானே கொடுக்கும் பதக்கங்களை வலப்பக்கம்தான் குத்துவார்கள். படையில் கிடைத்தவை இடப்பக்கம். அங்கே போய் உங்கள் மருமகன் வலப்பக்கம் குத்திக்கொண்டு நின்றால், பார்க்கிறவன் லீஜன் ஆள் என்று நினைப்பான்.

எனக்கு இது நடந்தது. அப்பப்பாவின் ஒற்றைப் பதக்கத்தை வலப்பக்கம் குத்திக்கொண்டு போனேன். கடுநீல பெரே தொப்பி போட்ட வயதானவர் ஒருவர் கிட்ட வந்து, ஆருடையது என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். "பொக்கற்றில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நில்" என்றார். இரண்டு நிமிட மௌனத்திலும் கை பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது. பொப்பிப் பூவை மட்டும் ஆரும் குத்தலாம், இடப்பக்கம், இதயத்துக்குக் கிட்ட.

லீஜனின் உடுப்பு விதிகள் எல்லாவற்றையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறவன் இல்லை. 1993 நவம்பர் 11இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சரே நகரில், அணிவகுப்புக்கு அழைக்கப்பட்ட சீக்கிய முன்னாள் படைவீரர்களை நியூட்டன் கிளை மண்டபத்துக்குள் விடவில்லை. உள்ளே தலையில் எதுவும் இருக்கக் கூடாது, இறந்த தோழர்களுக்கு அதுதான் மரியாதை என்பது அவர்கள் வழக்கம். தலைப்பாகையையும் தொப்பிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த வருடம் தேசிய மாநாட்டில் அதை மாற்றக் கொண்டுவந்த பிரேரணையும் தோற்றது. மார்பு நிறையப் பதக்கத்தோடு வந்தவனை வாசலில் மறித்தது எந்த மரியாதையில் சேரும்?

மெல்பேர்ணிலிருந்து:

இங்கே வலப்பக்கம் தாராளமாக. ஏப்ரல் 25, இங்கத்தைய படையினர் நினைவு நாளான அன்சாக் நாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கோ, பத்து வயதுப் பிள்ளைகள் பூட்டனின் பதக்கங்களை வலப்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்கள். சட்டைதான் பாரத்தில் இழுபடும்.

நல்லூரிலிருந்து:

பக்கம் கிடக்கட்டும், தயவுசெய்து மினுக்காதேயுங்கோ. எங்கள் அம்மா தைப்பொங்கலுக்குக் குத்துவிளக்கு மினுக்கும்போது தாத்தாவின் நட்சத்திரத்தையும் பழப்புளிக்குள் போட்டுவிட்டா. செம்பும் நாகமும் கலந்த உலோகம், நல்லாய்த்தான் மினுங்கியது. ஆனால் நடுவில் இருந்த அரசனின் எழுத்துகள் மழுங்கிப்போயின. பிரிட்டிஷ் படைக்கு அந்த நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். ஆகவே அது தாத்தாவுடையதுதான் என்று காட்டவும் எங்களிடம் ஒன்றும் இல்லை. கூட வந்த கடிதத்தை எறிந்துவிடாதேயுங்கோ.

பருத்தித்துறையிலிருந்து:

வாசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது. அண்ணாவிடம் இருந்த ஒரே நல்ல படம் வரிச்சீருடையில் எடுத்தது. அதை மாட்ட முடியாது. ஸ்ரூடியோவில் கொடுத்து, கழுத்துக்குக் கீழே வெள்ளைச் சட்டை போடுவித்தோம். அந்தச் சட்டையின் கொலர் கொஞ்சம் பெரிது. அண்ணா அப்படி ஒரு சட்டை போட்டதே இல்லை. எங்களுக்குப் பக்கமும் இல்லை, பட்டியும் இல்லை. வேறொன்றும் எழுத வரவில்லை.

கொக்குவிலிலிருந்து:

பருத்தித்துறைத் தங்கச்சி எழுதினதுக்குப் பிறகு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. என்றாலும் கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

தையற்காரர் கோபிக்கவில்லை. நூலைப் பிரித்து முன்னால் வைத்துக்கொண்டு, "எந்த நீலம் உள்ளுக்கு?" என்று மூன்று தரம் கேட்டார். இந்த முறை ஐயா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மருமகனிடம் 419ஆம் பிரிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப பொக்கற்றுக்குள்ள வைக்கலாம்தானே மாமா?" என்றான். வைக்கலாம், ஆனால் ஊசி குத்தும், ரின்னோடு கொண்டுபோ என்றேன்.