‘ஆயா கடை’ போட்டோ யார்கிட்டயாவது இருக்கா?

வணக்கம். கிருஷ்ணகிரிக்காரங்க, குறிப்பா பழையபேட்டைப் பக்கம் இருந்தவங்க உதவணும்.

எங்க ஆயா (அப்பாவோட அம்மா) அங்கே டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்தினாங்க. போர்டுல வேற பேர், ஊருக்கு அது ‘ஆயா கடை’. கீழே மளிகை, பாத்திரம், மாடியில ஜவுளி. கல்லாவுல எப்பவும் அவங்கதான். தெலுங்குல கேட்டா தெலுங்குல, உருதுல கேட்டா உருதுல பதில் வரும். பேரம் மட்டும் எந்த பாஷையிலயும் நடக்காது! கடன் நோட்டுல, பாக்கி தீர்ந்த பக்கத்து மூலையில மஞ்சள் தடவி வைப்பாங்க.

கடை ஆரம்பிச்ச வருஷம் பத்தி வீட்டுல ஆளுக்கொரு கதை. கையில இருக்கிற ஒரே பில்லுல ‘சேலம் மாவட்டம்’னு அச்சாகியிருக்கு. சேலத்துல இருந்து பிரிஞ்சு தருமபுரி (அப்போ கிருஷ்ணகிரியும் அதுலதான்) தனி மாவட்டமானது 1965-ல. அப்போ அதுக்கு முந்தின கடைதானே? (பழைய பில் புக்கை வீணாக்காம அப்புறமும் கிழிச்சுக் கொடுத்திருப்பாங்க, ஆயா அப்படித்தான்.)

கடைப் பேர் போட்ட தினசரி காலண்டர், மஞ்சப்பை, கடை போர்டு தெரியிற கல்யாண ஊர்வல போட்டோ, எதுவானாலும் சரி. அங்கே பொட்டலம் மடிச்ச அண்ணன்கள் யாரையாவது தெரிஞ்சா ரொம்ப நல்லது. அசல் வேண்டாம், போன்ல படம் எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்புங்க.