கேம் திறந்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது: 75 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) பவர் சப்ளைதான் காரணமா?

செந்தூல்_வாசி:
ஐ5-9400எஃப் சிபியு, 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. போன வாரம் கேஎல்-இல் (கோலாலம்பூர்) ஒரு சின்னக் கடையில் பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டும், ‘600 வாட்’ என்று போட்ட புது பவர் சப்ளையும் வாங்கினேன். பிரவுசர், யூடியூப் எல்லாம் நன்றாக ஓடுகிறது. கேம் திறந்த இரண்டாவது நிமிடம் திரை கறுத்து, தானாக ரீஸ்டார்ட். நீலத் திரை வரவில்லை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் பிழைப் பதிவேடு) கெர்னல்-பவர் 41 மட்டும். விண்டோஸை மறுபடி போட்டும் அதே கதை. சப்ளையில் கார்டுக்கான 8 பின் வயர் இல்லை. கடையில் கொடுத்த மோலெக்ஸ் (பழைய வகை 4 பின் பிளக்) அடாப்டரில்தான் கார்டு ஓடுகிறது.

கரண்ட்_கணக்கு:
41 என்றால் கணினி ஒழுங்காக அணையாமல் நின்றுபோனது, அவ்வளவுதான். காரணத்தை அது சொல்லாது. 600-ஐ மறந்துவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள் தம்பி.

செந்தூல்_வாசி:
20 ஆம்பியர். 5 வோல்ட்டுக்கு 30, 3.3-க்கு 28.

கரண்ட்_கணக்கு:
கார்டும் சிபியுவும் இழுப்பது 12 வோல்ட்டிலிருந்துதான்: 12 × 20 = 240 வாட். கார்டு 185, சிபியு 65, இரண்டே சேர்ந்து 250. போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி இன்னும் கணக்கில் வரவில்லை. கேமில் கார்டு மில்லிசெகண்ட் நேரம் அதற்கும் மேலே இழுக்கும்; அங்கேதான் சப்ளை கையை விரிக்கிறது. மூன்று வரியையும் கூட்டினால்கூட 482தான். மீதி எங்கிருந்து வந்ததோ, ஸ்டிக்கர் அடித்தவருக்கே வெளிச்சம்.

இரண்டு சோதனை போதும். ஆஃப்டர்பர்னரில் (கார்டைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) பவர் லிமிட்டை -30 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். பிறகு, சும்மா கிடக்கும் மோலெக்ஸ் முனையில் மஞ்சள் வயரில் சிவப்பு முனை, பக்கத்துக் கறுப்பில் கறுப்பு முனை வைத்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்: கேம் இல்லாமல் ஒரு தடவை, கேம் ஓடும்போது ஒரு தடவை. 11.40-க்குக் கீழே போகக் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸ்_பெஞ்ச்:
அடாப்டரின் இரண்டு மோலெக்ஸும் ஒரே வயரிலிருந்து வருகிறதா? அப்படியானால் மொத்தச் சுமையும் அந்த ஒரே வயரில்தான். பிளக்கைக் கழற்றி மஞ்சள் வயர் போகும் துளையைப் பாருங்கள், நிறம் மாறியிருக்கிறதா என்று. அதற்குப் பதில் சாட்டா (எஸ்எஸ்டிக்குப் போகும் பிளக்) அடாப்டர் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும். 8 பின்னில் கார்டு 150 வரை கேட்கலாம்.

ஜிபியூ-இசட் என்ற மென்பொருளில் ஷேடர் (கார்டின் கணிப்பு அலகுகள்) எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். உண்மையான 580 என்றால் 2304.

செந்தூல்_வாசி:
-30-இல் நாற்பது நிமிடம் ஓடியது, ரீஸ்டார்ட் இல்லை. சும்மா இருக்கும்போது 11.96. லிமிட் எடுத்துவிட்டு அளந்தால் 11.2 காட்டிவிட்டு அணைந்தது. இரண்டு மோலெக்ஸும் ஒரே வயர்தான்; ஒரு வெள்ளை பிளக்கின் துளை ஓரம் பழுப்பாகி, கொஞ்சம் இளகியிருக்கிறது. ஷேடர் 2048.

கரண்ட்_கணக்கு:
பிளக் இளகிவிட்டதா, இனி ஆன் செய்யவே வேண்டாம். கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள், எஃப் என்று முடியும் உங்கள் சிபியுவில் கிராஃபிக்ஸ் கிடையாது, திரை வராது. புதிதாக 550 வாட் 80 பிளஸ் பிரான்ஸ் (மின்திறன் சான்று) சப்ளை வாங்குங்கள்: +12-இல் 40 ஆம்பியருக்கு மேல், 6+2 பின் (8 பின்) வயர் சப்ளையிலிருந்தே வர வேண்டும். லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் நாலு கடை ஏறி இறங்கி, ஸ்டிக்கரைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_பெஞ்ச்:
2048 என்றால் அது 2048எஸ்பி. பெயர்தான் 580, உள்ளே 570. ரசீதில் ‘ஆர்எக்ஸ் 580’ என்று மட்டும் எழுதியிருந்தால் சொன்ன பொருள் ஒன்று, கொடுத்தது ஒன்று. சப்ளையும் அதே கேஸ்தான். ஸ்டிக்கர், மீட்டர், ஜிபியூ-இசட், இளகிய பிளக் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தே கொண்டு போங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டையைக் காட்டினால் அசர வேண்டாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை அந்த அட்டை தள்ளி வைக்காது. மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பாரம் 1, கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். பொருள் வாங்கி மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது மங்கும் தாளில் இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.