பிரியாணிக்கு மேல் சுக்குக் கஷாயம்: இரைப்பை நிஜமாகவே சீக்கிரம் காலியாகுமா?

அஞ்சறைப்பெட்டி:
கல்யாண வீட்டுப் பிரியாணி சாப்பிட்டு வயிறு திம்மென்று இருந்தால் எங்கள் வீட்டில் சுக்குக் கஷாயம்தான். ஆதாரமில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். 2008இல் வெளிவந்த தைவான் ஆய்வில் 24 பேருக்கு 1,200 மில்லிகிராம் இஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரைப்பை பாதி காலியாக, மருந்தில்லாத வெறும் மாத்திரை போட்டபோது சுமார் 27 நிமிடம், இஞ்சி போட்டபோது 13தான்.

மருந்துக்கடைக்காரன்:
அந்த ஆய்வில் கொடுத்த சாப்பாடு சத்து குறைந்த சூப்புங்க, பிரியாணி இல்லை. கொழுப்பு சிறுகுடலுக்குள் போனதும் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து இரைப்பையைத் தளர்த்தி அதன் வாசலை இறுக்கிவிடும், ஏனென்றால் எண்ணெயோடு பித்தமும் கணைய நீரும் கலக்க நேரம் வேண்டும். உடம்பே போடும் அந்தத் தடையை இஞ்சி மீறும் என்று சூப்பை வைத்து எப்படிச் சொல்வது? 2011இல் அஜீரணக்காரர்கள் 11 பேரிடம் பார்த்தபோதும் இரைப்பை சீக்கிரம் காலியானது, ஆனால் தொந்தரவு குறையவில்லை.

அஞ்சறைப்பெட்டி:
வெறும் 11 பேரை வைத்துக்கொண்டு பலனில்லை என்று முடிவு கட்டுவீர்களா? கஷாயத்தில் மிளகு, ஓமம் எல்லாம் சேருகிறது, சூடாகக் குடித்ததும் ஏப்பம் வந்து வயிறு லேசாகிறது. சாப்பிட்டவனுக்கு அதுதானே வேண்டும்?

தேரிக்காடு:
எதற்கு இவ்வளவு சண்டை? ராத்திரி பேதி மூலிகையான நிலாவாரைப் பொடி கொஞ்சம் போட்டால் காலையில் சுத்தம். எங்கள் திருநெல்வேலிச் சரக்கு, வெளிநாட்டுக்கே போகிறது.

மருந்துக்கடைக்காரன்:
தேரிக்காடு, நிலாவாரை வேலை செய்யும் இடமே வேறு. அதிலுள்ள சென்னோசைடைப் பெருங்குடல் பாக்டீரியா உடைத்த பிறகுதான் குடல் முடுக்கப்படும், அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரைப்பையில் தங்கி நிற்கும் பிரியாணியை அது தொடாது. கனமாகச் சாப்பிடும் போதெல்லாம் அதை எடுப்பதும் நல்ல பழக்கமில்லை.

அஞ்சறைப்பெட்டி, இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை. என் கவலை வேறு. பித்தப்பையைச் சுருக்குவதும் அதே ஹார்மோன்தான். உள்ளே கல் இருந்தால், எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வலி தோள்பட்டை வரை ஏறும். அதையும் வாயு என்று நினைத்துக் கஷாயத்திலேயே நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஸ்கேன். அப்புறம், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இஞ்சி மாத்திரையைத் தொட வேண்டாம்.

அஞ்சறைப்பெட்டி:
ஸ்கேன் விஷயம் சரி, அதை எல்லாரும் படிக்கட்டும். மற்றபடி, நெய்ச்சோறு போட்டு, சுக்கும் கொடுத்து அளந்த ஒரு ஆய்வைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.