ஈதன் சாலஸை எப்படி எடை போடுறது?

பேஸ்பால் ஃபேன்டஸி லீக்ல (நிஜ வீரர்களை வச்சு நாமளே டீம் அமைச்சு ஆடறது) என் டீம்ல சான் டியாகோ பாட்ரேஸ் அணியோட இளம் கேட்சர் (பிட்சர் வீசற பந்தைப் பிடிக்கறவன்) சாலஸ் இருக்கான், வச்சுக்கறதா ட்ரேட் பண்றதான்னு முடிவே எடுக்க முடியல. 2023ல 56 லட்சம் டாலருக்கு சைன் பண்ணாங்க, அதே வருஷம் 17 வயசுலயே டபுள்-ஏ (மேஜர் லீக்குக்கு ரெண்டு படி கீழ இருக்கற மைனர் லீக்) வரைக்கும் போயிட்டான், அங்க பிட்சர்ஸ் எல்லாம் பல வயசு மூத்தவங்க. 2024ல ஃபோர்ட் வெய்ன்ல ஹை-ஏ (டபுள்-ஏக்கு ஒரு படி கீழ), பேட்டிங் ஆவரேஜ் .206 தான், அதாவது ஆயிரம் அட்-பேட்டுக்கு 206 ஹிட் கணக்கு, ரொம்ப கம்மி. 2025ல கீழ்முதுகுல ஸ்ட்ரெஸ் இஞ்சுரி, 10 மேட்சோட சீசனே போச்சு, பாவம் பையன்.

வாக் (நாலு தப்பான பந்துக்கு இலவசமா பேஸ் போறது), ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) ரேட் பாத்தேன், அந்த லெவலோட சராசரி வயசோட ஒப்பிட்டேன், வீடியோவும் பாத்தாச்சு. கேட்ச்சிங் பிரமாதம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, பேட்டிங்தான் புரியல.

இவ்ளோ சின்ன வயசுல மேல ஏத்திவிட்ட பையனோட .206ஐ எவ்வளவு தூரம் கணக்குல எடுக்கணும்?