டெஸ்டரில் எட்டும் எரிந்தது, லைன்தான் நிற்கவில்லை: வீட்டில் கேபிள் கிரிம்ப் செய்தவர்கள் சொல்லுங்கள்

மடிப்பாக்கம் மாடிவீடு:

அக்கா வீட்டில் நடந்தது. கீழே ஹாலில் ரவுட்டர், மாடி அறையில் அவளுடைய ஆபீஸ் வேலை, நடுவில் கேட் 6 நெட்வொர்க் ஒயர். இழுத்துக் கொடுத்தவர் இரண்டு முனையிலும் கனெக்டர் அடித்து (அதுதான் கிரிம்ப்), டெஸ்டரை மாட்டி, ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிவதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று முதல் மீட்டிங்கில் குரல் வெட்டி வெட்டித்தான் வரும். லிங்க் வேகம் ஒரு நேரம் 1000 எம்பிபிஎஸ் (கிகாபிட்) காட்டும், கொஞ்ச நேரத்தில் 100க்கு இறங்கிவிடும். போன் போட்டுக் கேட்டதற்கு, "எட்டும் எரிஞ்சதே மேடம், உங்க லேப்டாப்தான் கோளாறு" என்றிருக்கிறார். அவளும் நம்பி, புது லேப்டாப்புக்கு விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் போனதும் மொபைல் டார்ச்சைப் பிடித்து கனெக்டருக்குள் பார்த்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பழுப்பு, பழுப்பு. கோலப்புள்ளி வைத்த மாதிரி அவ்வளவு ஒழுங்கு. பார்த்ததும் வயிறு எரிந்தது. இந்தக் கேபிளுக்குள் எட்டு ஒயர், இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. பி வரிசையில் (T568B என்ற வண்ண வரிசை) பச்சை ஜோடி பிரிந்து 3லும் 6லும் உட்கார வேண்டும், அதற்கு நடுவே 4, 5ல் நீல ஜோடி. இவர் அடித்ததில் 3ல் வெள்ளை பச்சை, 6ல் நீலம். 3ம் 6ம் சேர்ந்துதான் ஒரு சிக்னல். அதன் இரண்டு ஒயர்களும் வேறு வேறு முறுக்கில் ஓடினால் முறுக்கி என்ன பயன்? பக்கத்து ஜோடியின் இரைச்சல் அப்படியே உள்ளே வரும். அந்தச் சாதாரண டெஸ்டர், இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கரண்ட் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இரண்டு முனையையும் வெட்டி வரிசை மாற்றி அடித்தேன். 1000ல் போய் நின்றது, அப்புறம் இறங்கவே இல்லை. "அப்போ என் லேப்டாப் நல்லாத்தான் இருக்கா?" என்று அக்கா கேட்டாளே, அது இன்னும் காதில் இருக்கிறது. அந்த மனிதர் இப்படி எத்தனை வீட்டில் அடித்துக் கொடுத்திருப்பார் என்பதுதான் என் கவலை.

குரோம்பேட்டை கேமரா:

வரிசை சரியாக இருந்தும் ஒயரே மோசமாக இருந்தால்? எங்கள் வாசல் கேட் கேமராவுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் போகிறது. ராத்திரியில் இன்ஃப்ராரெட் விளக்கு போட்டுக்கொண்டதும் கேமரா செத்துவிடும், காலையில் தானாக உயிர் வரும். மாமா கேமராவைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு முனையை உரித்து ஒயரை பிளேடால் லேசாகச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், அடியில் வெள்ளி மாதிரிப் பளபள. செம்புப் பூச்சு போட்ட அலுமினியம்! விரலால் நாலு தரம் மடக்கினேன், பட்டென்று ஒடிந்தது. மாமாவால் நம்ப முடியவில்லை, அவரே பிளேடை வாங்கி இன்னொரு ஒயரைச் சுரண்டிப் பார்த்தார்.

அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். நீள ஒயரில் போகப் போக வோல்டேஜ் குறைகிறது, கேமரா அதிகமாக இழுக்கும்போது தாங்குவதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகிறவர்கள் 305 மீட்டர் பெட்டியை முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, சுரண்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பழைய நெட்வொர்க் ஆள்:

மடிப்பாக்கம் நண்பர் சொன்னது சரிதான். ஆனால் வெட்டி மறுபடி கனெக்டர் அடித்ததோடு விட்டதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அனுபவம் சின்னது: அண்ணா நகரில் ஒரு வீட்டில், சுவரிலிருந்து வந்த ஒயரின் நுனியில் நேராக கனெக்டர் அடித்து டிவிக்குப் பின்னால் விட்டிருந்தார்கள். பெருக்கும்போதெல்லாம் டிவி ஸ்டாண்டை நகர்த்தியிருக்கிறார்கள், கழுத்தில் ஒரு ஒயர் உள்ளேயே ஒடிந்து, கிகாபிட் லைன் 100ல் ஓடிக்கொண்டிருந்தது. 100க்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நாலு ஜோடியும் வேண்டும். அதனால் யாருக்கும் தெரியவே இல்லை.

ஆகவே கேளுங்கள். சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பி ஒயர், அது அசையக் கூடாது. அதன் முனையைச் சுவர்ப் பெட்டியில் ஜாக்கில் பஞ்ச் செய்து (அழுத்திச் செருகி) முடித்துவிடுங்கள். ஜாக்கிலிருந்து லேப்டாப்புக்கு, பல இழை ஒயரில் செய்த ரெடிமேட் பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள இணைப்புக் கேபிள்) வாங்குங்கள். கனெக்டர் அடித்தே தீர வேண்டும் என்றால், ஒற்றைக் கம்பிக்கு ஏற்ற கனெக்டரா என்று கேட்டு வாங்குங்கள். பல இழைக்கு என்று செய்த பல், கம்பியின் நடுவில் குத்தப் பார்த்து நழுவும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளித்தோல் கனெக்டருக்குள் போய், பின்னால் இருக்கும் கவ்வி அந்தத் தோலைக் கடிக்க வேண்டும். வண்ண ஒயர்கள் வெளியே தெரிகிற கனெக்டரைக் கண்டால் யோசிக்காமல் வெட்டிப் போடுங்கள். கேட் 6 என்றால் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தண்டை, தோல் முடிகிற இடத்தோடு ஒட்ட நறுக்குங்கள். ஏ வரிசையா பி வரிசையா என்று சண்டை போட வேண்டாம், இரண்டு முனையிலும் ஒன்றாக இருந்தால் போதும். கிராஸ் கேபிள் (ஒரு முனை ஏ, மறுமுனை பி) வேண்டுமா என்றும் கேட்காதீர்கள், இன்றைய கருவிகள் தாமே மாற்றிக்கொள்ளும்.

திருவல்லிக்கேணி வாடகை வீடு:

அண்ணா, சுவர்ப் பெட்டி எல்லாம் சொந்த வீட்டுக்காரர்களுக்கு. எங்கள் ஓனர் ஆணி அடிக்கவே விட மாட்டார். பழைய டெலிபோன் பைப் ஒன்று ஏற்கெனவே இருந்தது, அதில் வெறும் ஒயர் போகும், கனெக்டர் அடித்த ரெடிமேட் கேபிள் போகாது. அதனால்தான் வீட்டிலேயே அடித்தோம்.

என் மனசில் நிற்பது அப்பாதான். டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளை பச்சையும் வெள்ளை நீலமும் அவருக்கு ஒரே மாதிரி தெரிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நாலையும் ஒண்ணாப் பிரிச்சா எது எதோடதுன்னு எப்படிடா தெரியும்? ஒவ்வொண்ணா பிரி" என்றார். ஒரு ஜோடியைப் பிரித்ததும், வெள்ளை ஒயரை அதன் கலர் துணையோடு சேர்த்து இரண்டு விரலில் பிடித்துக்கொண்டார். நான் வரிசையில் வைத்த பிறகுதான் அடுத்ததைப் பிரிக்க விட்டார். பி வரிசை அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் பிடித்த பிடியில் ஒரு ஒயர்கூட இடம் மாறவில்லை. ரிடையர் ஆகும் வரை கைத்தறிக் கடையில் நூல் பார்த்த கை அது. அந்த லைன் இன்றுவரை 1000ல்தான் ஓடுகிறது.

பெசன்ட் நகர் மொட்டை மாடி:

எல்லோரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். எங்கள் மொட்டை மாடி வழியாகப் பின்கட்டு வீட்டுக்கு ஒரு ஒயர் போகிறது. சாதாரண வெள்ளைத் தோல் ஒயர். வெயிலில் வெடித்து, கடல் காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்துவிட்டன. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் பக்கத்தில் எங்கோ இடி இறங்கியது. எங்கள் நெட்வொர்க் சுவிட்சில் ஒரே ஒரு போர்ட் மட்டும் அணைந்தது, அந்த மாடி ஒயர் வந்த போர்ட். மற்ற ஏழும் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது முதுகு சில்லிட்டது. அந்த ஒயர் முனையைத்தான் சற்று முன்பு பையன் கையில் வைத்திருந்தான்.

கட்டிடத்துக்குக் கட்டிடம் செம்பு இழுக்காதீர்கள். உலோகம் இல்லாத ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள், அதில் இடியின் கரண்ட் வராது. செம்புதான் என்றால் வெயில் தாங்கும் கறுப்புத் தோல் ஒயர், இரண்டு பக்கமும் எர்த் செய்த சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் கருவி). இடி இடிக்கும்போது கிரிம்பிங் டூலைத் தொடவே தொடாதீர்கள்.

புதுசு, பெரம்பூர்:

மடிப்பாக்கம் அண்ணா, எங்கள் வீட்டிலும் எட்டும் எரிகிறது, லிங்க்கும் 1000 காட்டுகிறது. அப்படியும் ஜோடி மாறியிருக்குமா? கனெக்டரை வெட்டாமல் எப்படிப் பார்ப்பது?

மடிப்பாக்கம் மாடிவீடு:

இருக்கலாம் தம்பி, ஒயர் குட்டையாக இருந்தால் சமாளித்து ஓடும். கனெக்டர் கண்ணாடி மாதிரிதானே, கொக்கி கீழே இருக்கும்படி பிடித்து, பொன்னிறப் பின்கள் உன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இடமிருந்து வலம் நிறத்தைப் படி. மூன்றாவதும் ஆறாவதும் பச்சைக் குடும்பமா என்று பார். ஏ வரிசை என்றால் அங்கே ஆரஞ்சு இருக்கும், அதுவும் சரி. அப்புறம் வீட்டுக்குள்ளேயே இரண்டு கம்ப்யூட்டர் நடுவில் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி போடு. இரண்டும் கேபிளில் இருக்கட்டும், வைஃபையை அணைத்துவிடு. வேகம் நொடிக்கு 100 மெகாபைட்டுக்குப் பக்கத்தில் சீராகப் போனால் லைன் நல்ல லைன். ஏறி இறங்கி ஆடினால் முதலில் இன்னொரு கேபிள் மாட்டிப் பார், ஹார்டு டிஸ்க்கும் இழுக்கலாம். கேபிள் மாற்றினதும் சரியானால் இரண்டு முனையையும் போட்டோ எடுத்து இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.