பயறு சுவாசச் சோதனையில் நீர் ஏறவில்லை

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, முளைகட்டிய பச்சைப்பயறு 50 கிராமைக் கூம்புக் குடுவையில் இட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் கொண்ட சிறு குழாயை உள்ளே தொங்கவிட்டு, வளைந்த கண்ணாடிக் குழாயின் மறுமுனையை வண்ணநீரில் அமிழ்த்தி மூன்று நாள்களாக முயல்கிறேன். செல்கள் குளுக்கோஸைச் சிதைக்கையில் வெளிவரும் கார்பன் டைஆக்சைடைக் கரைசல் உறிஞ்சுவதால், செலவான ஆக்சிஜனின் அளவுக்கு நீர் குழாயில் ஏற வேண்டும். இரண்டு மணி நேரமாகியும் அது அசையவில்லை. முதல் நாள் பிற்பகலில் குமிழிகள்கூட வெளியேறின.

ரப்பர் அடைப்பானைச் சுற்றி வாசலின் பூசினேன், கரைசலைப் புதிதாகக் கலந்தேன், பயற்றையும் மாற்றினேன். வேகவைத்த பயறு இட்ட ஒப்பீட்டுக் குடுவையிலும் அன்று குமிழிகள் வந்ததுதான் குழப்புகிறது. அறை வெப்பநிலை காலையில் 28 டிகிரி, பிற்பகலில் 34.

குடுவைக் காற்று வெப்பத்தால் விரிவதையும், கண்ணுக்குப் படாத கசிவையும் பள்ளி ஆய்வகத்தில் எவ்வாறு பிரித்தறிவது?